பக்கத்தில் உள்ளவற்றையும் சேர்க்கவா?

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் பேனாவால் எழுதிக்கொள்வது. பேனாவால் என்ற சொல்லைத் தயவுசெய்து இரண்டு முறை வாசிக்கவும். இங்கே எல்லோரும் நலம். உங்கள் அக்காவின் மூட்டுவலி தேவலை. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம் மட்டும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. தாங்களும் தங்கள் மனைவி மக்களும் தங்கள் வீட்டுக் கணினிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கணினிகள் நலமாக இல்லாவிட்டால் அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

நிற்க. போன விடுமுறைக்கு வந்தபோது ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து, "அத்தான், இனிமே உங்க ஸ்கூல் வேலை பாதியாக் குறைஞ்சிடும்" என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள். குறைந்தது, மறுக்கவில்லை. முன்பெல்லாம் என் பொழுதில் பாதி வேலை, பாதி தேநீர். குறைந்தது தேநீர்ப் பாதி. முதல் நாளே அது கடவுச்சொல் கேட்டது. மறக்காமல் இருக்கட்டும் என்று உங்கள் அக்காவின் பெயரைப் போட்டேன். 'வலுவில்லாதது' என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டது. உங்கள் அக்காவோடு ஒரு நாள் குடித்தனம் நடத்தியிருந்தால் அந்த வார்த்தை அதன் வாயில் வந்திருக்குமா? பிறகு என் பெயரைப் போட்டேன். 'மிகவும் வலுவில்லாதது' என்றது. அதைப் பார்த்து உங்கள் அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, ஏதாவது விசேஷமா என்று கேட்டார்.

சரி, வாங்கியாயிற்றே என்று ஒருநாள் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எட்டாம் வகுப்புக்கு எரிமலை நடத்த வேண்டும். கரும்பலகையில் நான் வரைந்தால் எரிமலையும் கவிழ்த்து வைத்த பானையும் ஒரே மாதிரி இருக்கும் என்பது மாணவர்கள் கருத்து. அதனால் பெரிய திரையில் படம் காட்டலாம் என்று இணைத்தேன். நெருப்புக் குழம்பு வழிகிற அருமையான கட்டம், பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் உங்கள் அக்காவின் செய்தி வந்து விழுந்தது. 'வரும்போது தைலம். போன தடவை மாதிரி மறந்துட்டு வந்து நிக்காதீங்க.' என் கைபேசியையும் மடிக்கணினியையும் ஒன்றோடொன்று பேசவிட்டது நீங்கள். வகுப்பு முழுக்க அதை ஒரே குரலில் வாசித்தது. பாடப்புத்தகத்தை அப்படி வாசிக்கச் சொல்லி வருடக்கணக்கில் கெஞ்சியிருக்கிறேன், ஒரு நாள் வாசித்ததில்லை. மாலை மணி அடித்ததும் வாசலில் நின்று ஆளாளுக்கு, "சார், தைலம்!" "சார், தைலம்!" இன்று வரை பள்ளியில் எனக்குப் பெயர் தைலம். இதற்கு முன் இருந்த பெயர் இடி. மச்சான், இடியாக இருந்தவன் தைலமாகிவிட்டேன்.

(பார்த்தீரா, மச்சான் என்று வந்துவிட்டது. மரியாதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். போகப் போக எப்படிப் போகிறதோ தெரியவில்லை.)

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்களுக்குப் புதிதாக ஒரு தலைமையாசிரியை வந்திருக்கிறார். வயதில் என் மாணவியாக இருக்க வேண்டியவர், நடையில் என் மேலதிகாரி. வந்ததும் முதல் உத்தரவு, பருவ முடிவில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் வகுப்பாசிரியர் எழுதுகிற குறிப்பை இனி கையால் எழுதக் கூடாது, கணினியில் ஏற்ற வேண்டும், அது நேராகப் பெற்றோரின் கைபேசிக்குப் போய்விடும். கற்றுக்கொடுக்க ஓர் இளைஞரை அழைத்து வந்தார்கள். அவர் எதைச் சொன்னாலும் "ரொம்ப சிம்பிள் சார்" என்று முடிப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் சிம்பிள்தான். சிம்பிள் சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் புரிந்தது, இது எனக்குப் புரியாது என்பது மட்டும்.

அந்தக் குறிப்பு விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்று உமக்குத் தெரியும். மற்ற ஆசிரியர்கள் 'நன்று', 'முயற்சி தேவை' என்று ரப்பர் முத்திரை குத்துவார்கள். நான் ஆள் ஆளாக யோசித்து எழுதுவேன். இருப்பது உள்ளபடி எழுதுவேன், பொய் எழுத மாட்டேன், அதே நேரம் மரியாதையும் தவற மாட்டேன். 'இவன்' 'இவள்' என்று ஒரு நாளும் எழுதியதில்லை. பையனோ பெண்ணோ, முதல் மதிப்பெண்ணோ முட்டையோ, எல்லோருக்கும் 'இவர்'. திட்டினாலும் 'இவர்' போட்டுத் திட்டினால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது அல்லவா? அந்தக் கௌரவம்தான் கடைசியில் என் கழுத்தை அறுத்தது. கேளும்.

பிள்ளைகள் உட்காரும் வரிசைப்படியே பெயர்களை ஏற்றினேன். பெயருக்குப் பக்கத்தில் குறிப்பு. ஒற்றை விரலால் தட்டித் தட்டி, விரல் நுனி காய்த்துப் போய், எல்லாவற்றையும் முடித்து நிமிர்ந்தேன். ஒரு கலைப்படைப்பு, மச்சான். கடைசி வரிசையில் ஒருவன் நாற்காலியைப் பின்னங்கால்களில் நிறுத்திக்கொண்டு தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருப்பான். அவனுக்கு எழுதினேன்: 'நாற்காலிக்கு நான்கு கால்கள் உண்டு என்பதை இவர் இன்னும் ஏற்கவில்லை. ஏற்றுக்கொள்ளும் நாளில் கல்வி தானாக வரும்.' முன் வரிசையில் வக்கீலின் மகன் இருக்கிறான், முந்திரிக்கொட்டை. நான் வாயைத் திறக்குமுன் அவன் கை மேலே போய்விடும். அவனுக்கு: 'கேள்வி கேட்பதில் இவருக்கு நிகர் இவரே. சற்று அடக்கி வாசித்தால் ஆசிரியரும் பாடம் நடத்த வாய்ப்புண்டு.' சன்னலோரத்தில் ஒரு பெண், டயர்க் கடைக்காரரின் மகள். ஆசிரியர் அறையில் அவளுக்குப் பெயர் ஊமைக்கோட்டான். வருகைப் பதிவு எடுக்கும்போது கூட வாயைத் திறக்காமல் விரலை மட்டும் தூக்குவாள். அவளுக்கு: 'இவர் வகுப்பில் இருக்கிறார் என்பது வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். வாயைத் திறந்து பேசினால் நல்லது.' எழுதிவிட்டு உங்கள் அக்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "ஏங்க, இது குறிப்பா, குத்தலா?" என்றாள். ரசனை இல்லாத குடும்பம்.

பள்ளியில் வைத்து அனுப்பப் போகும் நேரத்தில் தலைமையாசிரியை வந்து எட்டிப் பார்த்து, "சார், பேரெல்லாம் அகர வரிசையில இருக்கணுமே" என்றார். அகர வரிசைக்குச் சிம்பிள் ஒரு வழி சொல்லியிருந்தார். பெயர்களின் மேல் இழுத்து நீலமாக்கி, மேலே ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினேன். உடனே ஒரு பெட்டி குதித்து வந்து, 'பக்கத்தில் உள்ளவற்றையும் சேர்க்கவா? அல்லது இதை மட்டுமா?' என்று கேட்டது.

மச்சான், நீயே சொல். நான் எப்படி வளர்ந்தவன்? பேருந்தில் பக்கத்து இருக்கையில் எனக்குத் தெரிந்தவர் உட்கார்ந்திருந்தால் கூட அவராகப் பேசும் வரை திரும்ப மாட்டேன். பெயரை வரிசைப்படுத்தச் சொன்னார்கள், பெயரைத் தேர்ந்தெடுத்தேன், பக்கத்தில் இருப்பதையெல்லாம் நான் ஏன் வம்புக்கு இழுக்க வேண்டும்? நமக்கெதற்கு ஊர் வம்பு என்று 'இதை மட்டும்' அமுக்கினேன். பெயர்கள் எல்லாம் சமர்த்தாக எழுந்து அகர வரிசையில் போய் நின்றன. குறிப்புகள் எழுந்திருக்கவே இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தன. ஒவ்வொரு பிள்ளையும் இன்னொரு பிள்ளையின் குறிப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. நான் கவனித்தேனா? இல்லை. பெயர்களின் ஒழுங்கைப் பார்த்துப் பூரித்துப் போய் 'அனுப்பு' என்பதை அமுக்கினேன். சிம்பிள் வந்து என் தோளில் தட்டினார்.

இவன், இவள் என்று எழுதியிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். பையனுக்கு 'இவள்' போனால் எந்த அப்பன் சும்மா இருப்பான்? ஆனால் எல்லாமே 'இவர்'. அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரி யார் உடம்புக்கும் பொருந்திவிட்டது. ஒரு பெற்றோருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லோரும் நம்பிவிட்டார்கள்!

மறுநாள் காலையில் முதலில் வந்தது வக்கீல். கையில் கைபேசி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சார், என் பையன் நாற்காலிக்கு நாலு கால்ங்கறதை ஏத்துக்கலைன்னு எழுதியிருக்கீங்க. எப்போ மறுத்தான்? யார் முன்னாடி மறுத்தான்?" எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேந்தப் பேந்த விழித்தேன். அவர் என்னையே பார்த்து, "வீட்ல கேட்டேன் சார். நாலு கால்தான்னு தெளிவாச் சொல்றான். எழுத்துல விளக்கம் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைவதற்குள் அந்த நாற்காலி ஆட்டக்காரனின் அம்மா. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "சார், வாயைத் திறந்து பேசினா நல்லதுன்னு போட்டிருக்கீங்களே. வீட்ல இவன் வாயை மூட வைக்க முடியாம நாங்க காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத் திரியறோம். இங்க வந்து ஒரு வார்த்தை பேசறதில்லையா? பிள்ளைக்கு மனசுல என்ன குறைன்னு தெரியலையே சார். டாக்டர்கிட்ட காட்டட்டுமா?" அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஓடிப் போய்க் கணினியைத் திறந்து பார்த்தேன். பெயர்கள் ஒரு பக்கம், குறிப்புகள் ஒரு பக்கம். நீ சொல்லிக்கொடுத்த அந்தப் பின்னோக்கி வளைந்த அம்புக்குறியை அமுக்கினேன். 'திரும்பப் பெற எதுவும் இல்லை' என்றது. என் மொத்த வாழ்க்கையைப் பற்றியும் அது அப்படித்தான் நினைக்கிறதோ என்னவோ.

தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். கதவைத் திறந்ததும் அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். "சார், இத்தனை வருஷத்துல பெற்றோர் ஒருத்தரும் இந்தக் குறிப்பைப் படிச்சதே இல்லையாம். உங்க வகுப்புல எல்லாரும் படிச்சிருக்காங்க. நேர்லயே வர்றாங்க! அடுத்த வாரம் மத்த ஆசிரியர்களுக்கு நீங்கதான் பயிற்சி குடுக்கணும்" என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அம்மா, நான் ஒரு முட்டாள்' என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். டேய், பயிற்சியாம்! நான் கொடுக்கணுமாம்! சிம்பிள் வெளியில் நின்று கை தட்டுகிறான்!

வகுப்பில் கூத்து தனி. முந்திரிக்கொட்டை இப்போது நாற்காலியைப் பின்னங்கால்களில் நிறுத்தி ஆடுகிறான். ஏண்டா என்றால், "எப்படியும் பழி வந்துடுச்சு சார், எப்படித்தான் இருக்குன்னு பாக்கறேன்" என்கிறான். ஆட்டக்காரனை அவன் அம்மா கையில் பழம், பால் என்று வைத்துத் தாங்குகிறாளாம். அவன் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு அதையெல்லாம் வாங்கித் தின்கிறான்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற மாதிரி. இனிமேல் சொல்வதுதான் எனக்குச் சோறு இறங்காத விஷயம். நேற்று டயர்க் கடைக்காரர் வந்தார். கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், கையெல்லாம் கரி. கதவைத் தொட்டால் அழுக்காகும் என்று வெளியிலேயே நின்று கூப்பிட்டார். மகளின் பெயர் சொன்னார், எனக்கு ஆளே நினைவுக்கு வரவில்லை. சன்னலோரம் என்றதும்தான் வந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பள்ளி மாற்றிக்கொள்ள விண்ணப்பம், பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டது. "தூரத்துல ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் சார். கண்டிப்பான இடம். இவ வீட்ல ஒரு வார்த்தை பேச மாட்டா. நம்மகிட்டதான் இப்படி, அங்க போட்டு நாலு பேரோட பழகினா சரியாயிடும்னு நெனச்சேன். ரெண்டு நாளா அழுவுறா, அதையும் சத்தமில்லாமதான் அழுவுறா. அப்போதான் உங்க குறிப்பு வந்துச்சு." கைபேசியை நீட்டினார். 'கேள்வி கேட்பதில் இவருக்கு நிகர் இவரே.' அந்த மனுஷன் அதைச் சத்தமாக வாசித்தார், மச்சான். வாசிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. "என் பொண்ணா சார்? கேள்வி கேக்கறாளா? நீங்க பாடம் நடத்த முடியாத அளவுக்கா? கடையில வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டேன் சார். இங்கயே இருக்கட்டும்." காகிதத்தை நாலாக மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை, கவனி. மடித்துத்தான் வைத்தார்.

ஊமைக்கோட்டான் யார் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நான்தான்.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னேன். பொய்க் குறிப்பு ஒன்று என் பெயரில் உலாவுகிறதே, அதை வைத்து ஒரு மனுஷன் முடிவெடுக்கிறானே, நான் இதுவரை பொய் எழுதாதவன் ஆயிற்றே என்று புலம்பினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே, "அந்தப் பொண்ணு குரலையே நீங்க கேட்டதில்லை. பேரைச் சொன்னா முகம் தெரியலை. அப்புறம் நீங்க எழுதினது மட்டும் உண்மைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றாள். இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே மச்சான், என் முடிவு இதுதான். உண்மை உண்மைதான். வரும் ஞாயிறு நீ எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வர வேண்டும். வந்து பெயர்களையும் குறிப்புகளையும் பழையபடி ஜோடி சேர்க்க வேண்டும். நான் தொட மாட்டேன், தொட்டால் இந்த முறை யாருக்கு என்ன போகுமோ. சரியான குறிப்புகளை மறுபடி அனுப்பி, 'இயந்திரக் கோளாறு' என்று ஒரு வரி சேர்த்துவிடு. அது பொய்யில்லை, இயந்திரம் என்று நான் சொல்வது உன்னை. வக்கீல் அமைதியாவார், அந்த அம்மா மகனுக்குப் பழம் கொடுப்பதை நிறுத்துவாள். டயர்க் கடைக்காரர் பையிலிருந்து அந்தக் காகிதத்தை வெளியே எடுப்பார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நானா அவளைப் பேசாதே என்றேன்? திரும்பப் போகும்போது உன் மடிக்கணினியையும் கையோடு கொண்டுபோய்விடு. அதன் கடவுச்சொல் உன் பெயர். 'வலுவானது' என்று அது சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இத்தனை திட்டியும் எனக்கு உன் மேல் கோபம் இல்லை. இருக்கிறது, ஆனால் இல்லை. உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். அவர்கள் கண்ணும் முதுகும் கெடாமல், கையெழுத்து அழகாக வந்து, பேனா பிடித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு உனக்கும் அத்தானாகிப் போன,
தைலம்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டாமல் பையில் வைத்துக்கொண்டு இன்று பள்ளிக்குப் போனேன், போகிற வழியில் போடலாம் என்று. வழியில் மறந்துவிட்டேன். மதியத்துக்கு முந்திய பாடவேளை, ஆறுகள் நடத்திக்கொண்டிருந்தேன். சன்னலோரத்தில் ஒரு கை. வெளியே போகக் கேட்கிறாள் என்று நினைத்து, "போயிட்டு வா" என்றேன். போகவில்லை. எழுந்து நின்றாள். "சார், ஆறு ஏன் நேராப் போகாம வளைஞ்சு வளைஞ்சு போகுது?" என்றாள். நல்ல கணீரென்ற குரல், மச்சான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. முந்திரிக்கொட்டை திரும்பிய வேகத்தில் நாற்காலியோடு கீழே விழுந்தான். பதில் சொன்னேன். "அப்போ வளைவுல கரை இடிஞ்சுக்கிட்டே போனா, கடைசியில ஆறு தன்னையே வந்து முட்டிக்குமா?" என்றாள். முட்டும்தான். அதுதான் அடுத்த பாடம். இதுவரை ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை.

மணி அடித்ததும் எல்லோரும் போக, அவள் மட்டும் மேசைக்கு வந்தாள். "சார், அது எனக்கு எழுதினது இல்லைதானே?" கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, "மேல யார் பேரு போட்டிருந்துச்சு?" என்றேன். "என் பேருதான்." "அப்போ உனக்குத்தான் எழுதினது." அவள் ரொம்பக் கவலையாக, "அப்போ நான் கொஞ்சம் அடக்கி வாசிக்கணுமா சார்?" என்று கேட்டாள்.

நான் உடனே கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றும் இல்லாத இடத்தை நன்றாக அழித்துக்கொண்டே, "அந்த வரியை மட்டும் அடிச்சிடு. அது தப்பா வந்துடுச்சு" என்றேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போ, கணினிப் பக்கம் போனாயோ கை இருக்காது. வக்கீலுக்கு எழுத்தில் விளக்கம் கொடுத்துவிட்டேன், 'தங்கள் மகன் இன்று நாற்காலியோடு விழுந்ததைப் பெரிய திரையில் மறுபடி பார்க்கலாம், நேரில் வரவும்' என்று. மேசையில் திறந்து கிடந்த மடிக்கணினி வகுப்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே இன்றுதான் தெரியும்.

முக்கியமாக ஒன்று, இதற்கு மட்டும் தபாலில் இல்லாமல் உடனே போன் பண்ணிப் பதில் சொல். அந்தப் பெட்டி குதித்து வந்து கேட்குமே, அதில் 'இதை மட்டும்' என்பது மேலே இருக்குமா, கீழே இருக்குமா? அடுத்த பருவத்துக்கு வேண்டும்.